வேகமான துவக்கும் நிதானமான கையும்



அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் வேட்டைப் பழக்கம் உள்ளவர். வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் அவர் கேட்ட கேள்விகள் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ணக்கூடாது, அதைக் கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாது என்பதே அவருக்குக் கிடைத்த ஒரு பதிலின் கருத்து. அம்பு கையை விட்டுப் போனாலும் பொறுப்பு ஆளை விட்டுப் போவதில்லை என்று நாம் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் துவக்குக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவின் மான் வேட்டை வரலாற்றைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டில் அங்கே சந்தைக்காகவே மான்களைச் சுட்டுக் குவித்தார்கள். இறைச்சியும் தோலும் நகரங்களுக்குப் போயின. 1900 அளவில் வெள்ளைவால் மான்கள் சுமார் ஐந்து இலட்சமாகக் குறைந்துவிட்டன என்பது மதிப்பீடு. இத்தனை அழிவையும் செய்தவை கையால் இயக்கிய பழைய துவக்குகள்தான். சட்டவிரோதமாக வேட்டையாடியவற்றை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதை 1900இல் லேசி சட்டம் தடை செய்தது.

அதன் பிறகுதான் 1905இல் வின்செஸ்டரும் 1906இல் ரெமிங்டனும் அரைத் தானியங்கி வேட்டை ரைபிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வெடிதான். ஆனால் அந்த வெடியின் உந்துதலே வெற்றுக் கோதை வெளியே தள்ளி அடுத்த ரவையை ஏற்றிவிடும். இதில் நன்மையும் உண்டு. காயப்பட்ட மானைத் துடிக்க விடாமல் உடனே இரண்டாவது வெடி வைக்கலாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அடுத்த ரவை இருக்கிறதே என்ற எண்ணம் முதல் வெடியிலேயே கவனத்தைக் குறைத்துவிடும்.

ஆகவே மாநிலங்கள் எல்லை வகுத்தன. மிச்சிகனிலும் கொலராடோவிலும் வேட்டைக்குக் கொண்டுபோகும் அரைத் தானியங்கி ரைபிளில் மொத்தம் 6 ரவைகளுக்கு மேல் கூடாது. பென்சில்வேனியா 2017இல் சிறு பிராணிகளுக்கு இதை அனுமதித்தபோதும் மானுக்கு அனுமதிக்கவில்லை. பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதும் எளிய விடயங்களே: தெளிவாகக் காணும் வரை விசையில் விரல் வைக்காதே. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார், ரவை ஒரு மைலுக்கு அப்பாலும் போகும். சுட்டபின் இரத்தத் தடம் பற்றிப் போய்த் தேடு.

1937இல் இன்னொரு சட்டம் வந்தது. துவக்கு, ரவை மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. வேட்டைக் காலம் வரையறுக்கப்பட்டது, மான் அற்றுப்போன காடுகளில் மீண்டும் மான்கள் விடப்பட்டன. இன்று அங்கே சுமார் மூன்று கோடி மான்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். துவக்கின் வேகம் கூடியது, மானும் பெருகியது. இடையில் நின்றது மனிதனின் கட்டுப்பாடு.

அதே 1937இல்தான் எமது நாட்டிலும் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று புள்ளிமானும் மரையும் இங்கே பாதுகாக்கப்பட்டவை. ஆனாலும் எமது காட்டோரங்களில் கட்டுத்துவக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு வேகம் இல்லை, ஒரே ஒரு வெடிதான். ஆனால் அதன் பின்னால் ஆளே இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்ல ஒரு நாவில்லை, பார்க்க ஒரு கண்ணில்லை, காயப்பட்டதைத் தேடிப் போக ஒரு காலில்லை. மான், யானை, மேயப்போன மாடு, விறகுக்குப் போன சகோதரன் என்று கயிற்றில் தட்டுவது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

தண்ணீரில் விழுந்த ஒரு பிராணியின் சந்தேகத்துக்கே இறைச்சியை விடச் சொன்ன மார்க்கம் எம்முடையது. கட்டுத்துவக்கு கட்டிய இடம் தெரிந்தால் மௌனமாக இருக்க வேண்டாம். வனவிலங்கு அதிகாரிகளுக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். அந்த இறைச்சி வீட்டு வாசலுக்கு வந்தால் வாங்கவும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.