பக்கவாட்டில் ஓடிவந்த அர்பாஸ் மீர்

2016 ஜனவரியில் 'அசாசின்ஸ் கிரீட் க்ரானிக்கிள்ஸ்: இந்தியா' வெளியானபோது, அந்த வரிசையைத் தொடர்ந்து ஆடியவர்களில் பலர் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். 2007 முதல் அந்த கேம்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நகரத்தையே கட்டி நம் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சுவரிலும் தொற்றி ஏறலாம், எந்தக் கூரையிலிருந்தும் குதிக்கலாம். இந்த கேமில் அது கிடையாது. நாயகன் அர்பாஸ் மீர் பக்கவாட்டிலேதான் ஓடுகிறான். நாம் எதிரே நின்று பார்க்கிறோம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள கிளைமாக்ஸ் ஸ்டூடியோஸிடம் யூபிசாஃப்ட் நிறுவனம் ஒப்படைத்த வேலை இது. அதே வரிசையின் 'யூனிட்டி' கேமோடு சேர்த்துக் கொடுக்கும் இணைப்பாகச் சீனக் கதை ஒன்றைத்தான் முதலில் அறிவித்தார்கள். 2015-இல் அது மூன்றாக விரிந்தது: சீனா, இந்தியா, ரஷ்யா. அந்தந்த நாட்டின் ஓவிய மரபையே கேமின் தோற்றமாக்கினார்கள். சீனாவுக்கு மைத் தூரிகை ஓவியம், ரஷ்யாவுக்குப் புரட்சிக்காலச் சுவரொட்டி, இந்தியாவுக்கு மருதாணிக் கோலமும் பளிச்சென்ற வண்ணங்களும். நாயகன் அர்பாஸ் புதிதாகப் பிறந்தவன் இல்லை. 2013-இல் வந்த 'பிராமன்' என்ற படக்கதையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கேமின் பிறப்பைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும் என்பார்கள். எனக்குப் போதாது. இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

அமெரிக்க இளைஞர் ஜோர்டன் மெக்னர் 1985-இல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்தார். அந்த அசைவுகளை ஒவ்வொரு படமாகப் பார்த்து ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள் வரைந்து ஏற்றினார். 1989-இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வந்தது. பக்கவாட்டில் ஓடும் ஒரே ஒரு மனிதன், அறுபது நிமிடக் கெடு. எதிரி ஒருவனைப் புதிதாக வரையக் கம்ப்யூட்டரில் நினைவகம் போதவில்லை. இளவரசனின் படங்களையே நிறம் புரட்டி, அவனுடைய நிழலை அவனுக்கு எதிரியாக்கினார் மெக்னர். தட்டுப்பாடு பெற்றெடுத்த பாத்திரம் அது. அந்த கேமில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

காரியாபட்டி மாதிரி ஊர்களுக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வந்த காலத்தில் இந்த இளவரசனும் ஃபிளாப்பியில் கூடவே வந்தான். டைப்பிங் பழகப் போன பிள்ளைகள், சார் வெளியே போன நேரம் பார்த்து அவனை ஓடவிட்டார்கள். கால் பட்டதும் ஆடும் கல், கீழே நீட்டிக்கொண்டு நிற்கும் ஈட்டி. ஓடினால் குத்தும், மெல்ல நடந்தால் விடும். இது ஒரு தலைமுறையின் விரல்களுக்குத் தெரியும்.

2003-இல் யூபிசாஃப்டின் மாண்ட்ரியல் குழு அந்த இளவரசனை முப்பரிமாணத்தில் புதிதாகக் கொண்டுவந்தது. பிறகு திட்டமிட்ட ஒரு பாகத்தில் அவனுக்குக் காவலாக ஒரு கொலையாளியை வைத்து, அந்தக் கொலையாளியையே நாயகனாக்கினார் அந்தக் குழுவின் பாட்ரிஸ் டெசிலே. இளவரசன் முன்னால் நிற்காத இளவரசன் கதையா என்று நிர்வாகம் தயங்கியது. அதனால் அது தனி கேமாகப் பிரிந்து 'அசாசின்ஸ் கிரீட்' ஆனது. ஆக, அர்பாஸ் பக்கவாட்டில் ஓடியது வழி தவறியதால் அல்ல. தாத்தா வீட்டுக்குத்தான் போனான்.

கதை நடப்பது 1841-இல். மகாராஜா ரஞ்சித் சிங் 1839-இல் இறந்தபின் லாகூர் அரண்மனைக்குள் பதவிச் சண்டையும் கொலையும் மலிந்த காலம். கிழக்கிந்தியக் கும்பினியார் வாய்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். நடுவில் கோஹினூர் வைரம். காவலாளியின் பார்வை எட்டும் தூரம் திரையில் முக்கோணமாக விரிகிறது. அது திரும்பும்வரை அர்பாஸ் தூணுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிறான். பிறகு சீக்கியரின் சக்கராயுதத்தை வீசுகிறான். தோல்பாவைக் கூத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரிய, முகத்தை ஒரு பக்கமாகக் காட்டி நகருமே பாவை, அந்த அழகு இதில் இருக்கிறது. கதைமாந்தர்கள் மனதில் ஒட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓவியத்தில் காட்டிய அக்கறையில் பாதியை உரையாடலில் காட்டியிருக்கலாம்.

ஒரு நகரத்தையே கட்ட நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். பக்கவாட்டு கேமுக்குச் சிறு குழு போதும். 2020-இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. அதில் இடையிடையே கதை சொல்வது நிழற்பாவைகள்தான். நம் நாட்டிலும் சிறு குழுவால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று காத்துக் கிடக்கிறது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார். இடித்துத் தள்ளியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மே மாதம் அது விழுந்ததும் கும்பினிப் படைக்குத் தப்பிக் கமுதி வந்து சேர்ந்தார். சிறைச்சுவர், காவலாளி, இருட்டு, கரிசல் காடு என்று ஒவ்வொன்றும் ஒரு லெவல். மதுரையிலோ விருதுநகரிலோ இன்று கேம் எழுதப் பழகும் பிள்ளைகள் யாராவது இதைத் தொடங்கட்டும்.