பெரியவடகம்பட்டியிலிருந்து பாரிஸ் வரை: மாரியப்பன் தங்கவேலுவும் இந்திய மாற்றுத்திறனாளிகளின் தடகளமும்

2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி மாரியப்பன் தங்கவேலு தங்கம் வென்றதும், தமிழ் நாளிதழ்கள் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்லின. காய்கறி விற்ற தாய், நசுங்கிய கால், தளராத மனம். மூன்றுமே உண்மைதான். ஆனால் மனஉறுதியை மட்டும் காரணமாக வைத்தால், அதே உறுதியோடு இருந்தும் மேடை ஏறாமல் போன ஆயிரம் பிள்ளைகளை எப்படி விளக்குவது? யார், எங்கே, எந்த ஆண்டில் ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேட்டால்தான் இந்த வாழ்க்கை வரலாறாகும். அந்தக் கேள்வியோடுதான் இக்கட்டுரை அதை அணுகுகிறது.

1948 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை வளாகத்தில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட 16 பேரை வில்வித்தையில் இறக்கினார் டாக்டர் லுட்விக் குட்மன். 1960இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக் அதன் தொடர்ச்சி. இந்தியாவிலும் தொடக்கம் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே வந்தது. பள்ளி மைதானத்துக்கு அதில் பங்கில்லை. 1965 போரில் குண்டுகள் பாய்ந்து செயலிழந்த ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், சிகிச்சையின் பகுதியாக நீந்தத் தொடங்கினார். 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்து இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018இல். இடையில் ஓடிய 46 ஆண்டுகள், இந்தத் துறையை நாடு எந்த வரிசையில் வைத்திருந்தது என்பதைக் காட்டுகின்றன.

1984க்குப் பிறகு 2004 வரை இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை. ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலில் தங்கம் வென்று அந்த இடைவெளியை முடித்துவைத்தார். இதற்கிடையே 1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூன் 28 அன்று சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் மாரியப்பன் பிறந்தார்.

ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பேருந்து அவரது வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஏறியது. சிகிச்சைக்காகத் தாய் சரோஜா வாங்கிய கடன் பல ஆண்டுகள் தீரவில்லை. செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். இந்தப் பகுதி பலமுறை எழுதப்பட்டுவிட்டது. போதிய கவனம் பெறாதவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன். ஊனமுள்ள மாணவனைத் திண்ணையில் உட்காரவைத்து மதிப்பெண் போட்டுவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், அவர் மாரியப்பனைத் தாண்டச் சொன்னார். 14 வயதில், ஊனமில்லாத மாணவர்களுடன் போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாமிடம் பிடித்தார். பாராலிம்பிக் என்ற சொல்லே எட்டியிராத ஊரில் இது நடந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் முதல் முக்கியத் திருப்பம் அந்த மணல்குழிதான்.

இரண்டாவது திருப்பம் 2013இல் வந்தது. தேசிய அளவிலான மாற்றுத்திறனாளிகள் தடகளப் போட்டியில் அவரைக் கண்ட பயிற்சியாளர் சத்தியநாராயணா, பின்னர் பெங்களூரில் வைத்துப் பயிற்றுவித்தார். ஊரில் செய்தித்தாள் போட்டும் கட்டட வேலை பார்த்தும் நாளை ஓட்டியவருக்குத் தங்குமிடம், உணவு, முழுநேரப் பயிற்சி மூன்றும் ஒருசேரக் கிடைத்தன.

ஆனால் அந்த ஆண்டுகளில் அமைப்பே ஆட்டம் கண்டிருந்தது. 2015 மார்ச்சில் காஜியாபாத்தில் நடந்த தேசியப் போட்டியில் சாய்தளமோ பயன்படுத்தத் தக்க கழிப்பறையோ இல்லாமல் சக்கர நாற்காலி வீரர்கள் பட்ட பாடு நாடெங்கும் செய்தியானது. அதைத் தொடர்ந்து சர்வதேசப் பாராலிம்பிக் குழு இந்தியக் குழுவை இடைநீக்கம் செய்தது. ரியோவுக்கு முன் அந்தத் தடை நீங்கியிராவிட்டால், 2016இல் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டித் தகுதி பெற்ற மாரியப்பனின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவரது திறமைக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிர்வாகச் சிக்கல் அவரை வீட்டிலேயே நிறுத்தியிருக்கக்கூடும். இதை நினைக்கும்போது எனக்குக் கோபமே மிஞ்சுகிறது.

இந்தத் துறையின் வளர்ச்சியை உயரங்களே துல்லியமாகச் சொல்கின்றன. 2012 லண்டனில் மாரியப்பனின் இதே பிரிவில் பிஜித் தீவின் இலியேசா டெலானாவும் கர்நாடகத்தின் கிரிஷாவும் 1.74 மீட்டரே தாண்டினர். தவறிய முயற்சிகளின் கணக்கில் தங்கம் டெலானாவுக்கும் வெள்ளி கிரிஷாவுக்கும் போயின. நான்கே ஆண்டில் தங்கத்தின் உயரம் 15 சென்டிமீட்டர் கூடிவிட்டது. ரியோவில் வெண்கலம் பெற்ற வருண் பாட்டியே 1.86 தாண்டியிருந்தார். உயரம் தாண்டுதலில் ஒரே காலால் எழும்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. ஓட்டத்தின் வேகத்தைச் செங்குத்தான எழுச்சியாக மாற்றும் அந்த ஒரு கணத்தை மாரியப்பனின் இடது கால் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஒவ்வொரு எட்டிலும் சிதைந்த வலது பாதமும் தரையை மிதித்தாக வேண்டும். வேகத்தைத் திரட்டுவதுதான் கடினம்.

2021இல் டோக்கியோவில் மழைக்கு நடுவே இறுதிப் போட்டி நடந்தது. 1.86 தாண்டிய பின் 1.88இல் மாரியப்பன் மூன்று முறையும் தவறினார். அமெரிக்காவின் சாம் குரூ கடைசி முயற்சியில் அதைத் தாண்டித் தங்கம் பெற்றார். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் அதே 1.88ஐத் தாண்டி மாரியப்பன் உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பாரிஸில் 1.85 மீட்டருக்கு வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். பாரிஸில் எஸ்ரா ஃப்ரெக் தங்கத்துக்காகத் தாண்டிய உயரம் 1.94. ரியோவில் தங்கம் தந்த 1.89 பாரிஸில் வெள்ளியையே தந்திருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரியோ வெற்றிக்குத் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. 2017இல் பத்மஸ்ரீ, 2020இல் கேல் ரத்னா, பின்னர் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் பணி. தகுதியான சிறப்புகளே. இருந்தாலும் இவை அனைத்தும் பதக்கத்துக்குப் பின் வந்தவை. பதக்கத்துக்கு முன்பு, ஒரு சிறுவனுக்குச் செருப்பும் பேருந்துக் கட்டணமும் சத்துணவும் தேவைப்படும் வயதில் உதவும் ஏற்பாடுதான் அடுத்த மாரியப்பனைத் தீர்மானிக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனது 30ஆம் பிரிவில் விளையாட்டை அரசின் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்தக் கடமை பள்ளி மைதானம் வரை இறங்கி வர வேண்டும்.

இங்கேதான் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களின் நிலை தனித்துத் தெரிகிறது. நடக்க முடிந்த மாரியப்பனுக்குப் பள்ளி மணல்குழி போதுமானதாக இருந்தது. பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் சக்கர நாற்காலியில் வளரும் ஒரு சிறுமிக்கு அது உதவாது. வகுப்பறையிலிருந்து மைதானத்துக்குச் சாய்தளம் வேண்டும். சரிந்த சக்கரங்களோடு விளையாட்டுக்கென்றே செய்த நாற்காலி வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் நாற்காலி அதற்கு ஈடாகாது. கூடவே, சேர்ந்து விளையாட நான்கு பேராவது வேண்டும். ரியோவில் குண்டு எறிதலில் 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி வென்ற தீபா மாலிக், பாராலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடி அதைச் சாதித்தவர். சென்னையில், குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் பாதிக்கப்பட்ட மாதவி லதா நடுவயதில் நீச்சலுக்கு வந்து, பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு நாடு தழுவிய கூட்டமைப்பை உருவாக்கினார். அவர் எழுப்பிய அணிகள் பெரும்பாலும் நகரங்களைச் சார்ந்தவை.

பாரிஸில் இந்தியா வென்ற 29 பதக்கங்களில் நான்கு தமிழ்நாட்டுக்கு வந்தன: மாரியப்பனின் வெண்கலம், பாட்மிண்டனில் துளசிமதி முருகேசனின் வெள்ளி, மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோரின் வெண்கலங்கள். அந்த நால்வரில் ஒருவர்கூடச் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடுபவர் இல்லை.