மொரிசியஸ்

மொரிசியஸ் அல்லது மொரிசியஸ் குடியரசு என்பது இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு தீவு நாடாகும். இது மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில் உள்ளது. தலைநகரம் போர்ட் லூயிஸ். பூர்வ குடிகள் எவரும் இல்லாத இத்தீவின் மக்கள் அனைவரும் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா ஆகிய நிலப்பகுதிகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களே. இவர்களுள் தமிழரும் அடங்குவர்.

புவியியல்

நாட்டின் மொத்தப் பரப்பளவு சுமார் 2,040 ச.கி.மீ. இதில் முதன்மைத் தீவு 1,865 ச.கி.மீ. ஆகும். கிழக்கே ஏறத்தாழ 560 கி.மீ. தொலைவிலுள்ள ரொட்ரீகஸ் தீவும், வடக்கிலுள்ள அகலேகா தீவுகளும், சென் பிரண்டன் தீவுக்கூட்டமும் இந்நாட்டைச் சேர்ந்தவை. எரிமலை வெடிப்பினால் தோன்றிய முதன்மைத் தீவின் நடுவே மேட்டுநிலமும், அதைச் சூழ்ந்து மலைகளும், கரையோரத்தில் சமவெளியும் காணப்படுகின்றன. உயர்ந்த சிகரத்தின் உயரம் 828 மீட்டர். தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறைகள் சூழ்ந்துள்ளன.

காலநிலை

மொரிசியஸ் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் அதன் பருவங்கள் தமிழ்நாட்டிற்கு நேர்மாறானவை. விருத்தாச்சலம், கம்மாபுரம் பகுதிகளில் மார்கழிப் பனி பெய்யும்போது அங்கு கோடைக்காலமாகும். கோடை நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீடிக்கும். எனினும் கோடைக்கும் குளிர்காலத்திற்கும் இடையிலான சராசரி வெப்பநிலை வேறுபாடு சுமார் 4 பாகை செல்சியசு மட்டுமே. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மேட்டுநிலத்தில் ஏறி மழையைத் தருவதால், அங்கு ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை மழை பெய்கிறது. காற்றுக்கு மறைவான மேற்குக் கரையில் சில இடங்கள் 1,000 மி.மீ. மழையையும் பெறுவதில்லை.

கோடையில் புயல்கள் தாக்குவதுண்டு. 1960 பெப்ரவரியில் வீசிய கரோல் புயலில் காற்றின் வேகம் மணிக்கு 256 கி.மீ. ஆகப் பதிவானது. பல்லாயிரம் வீடுகள் அழிந்தன. அதன் பின்னரே மரமும் தகரமும் கொண்டு கட்டிய வீடுகள் குறைந்து கற்காரை வீடுகள் பெருகின.

வரலாறு

அராபியரும் போர்த்துக்கீசரும் இத்தீவை அறிந்திருந்தும் குடியேறவில்லை. 1598ல் வந்த ஒல்லாந்தர், தம் இளவரசர் மொரிசின் பெயரை இதற்குச் சூட்டினர். 1638ல் குடியேறிய அவர்கள், அடுத்த ஆண்டு சாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தனர். இங்கு மட்டுமே வாழ்ந்த பறக்க இயலாத டோடோ பறவை 17ம் நூற்றாண்டின் இறுதிக்குள் அழிந்தது. ஒல்லாந்தர் 1710ல் வெளியேறினர்.

1715ல் பிரெஞ்சுக்காரர் தீவைக் கைப்பற்றினர். 1735ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே துறைமுகத்தை வளர்த்தார். இக்காலத்தில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அழைத்து வரப்பட்டனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழரும் உண்டு. 1810ல் ஆங்கிலேயர் தீவை வென்றனர். பிரெஞ்சு மொழியும் சட்டமும் தொடர அவர்கள் இணங்கினர்.

1835ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால், 1834 முதல் 20ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நான்கரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். சென்னை, கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களிலிருந்து அவர்கள் கப்பலேறினர். அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி படித்துறை 2006ல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. நாடு 1968 மார்ச் 12ல் விடுதலை பெற்று, 1992ல் அதே நாளில் குடியரசானது.

தமிழர்

தமிழ் வம்சாவளியினருள் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் மொழியே பேசுகின்றனர். தமிழ் பள்ளிகளில் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தைப்பூசக் காவடி நாள் அரசு விடுமுறையாகும். நாணயத் தாள்களில் ஆங்கிலத்திற்கு அடுத்துத் தமிழும், அதன்பின் இந்தியும் இடம்பெறுகின்றன. 1998ல் வெளியான தாள்களில் இவ்வரிசை மாற்றப்பட்டுத் தமிழ் பின்னுக்குச் சென்றபோது, இந்தியரில் முதலில் வந்தோர் தமிழரே எனக் கூறித் தமிழர் எதிர்த்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிடப்பட்டன. நூறு ரூபாய்த் தாளில் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் உருவம் உள்ளது.