தமிழ் ஓடிடி சேவைகள்: வணிகமும் வருங்காலமும்

சந்தா அல்லது விளம்பர வருவாயை நம்பி, இணையம் வழியே படங்களும் தொடர்களும் வழங்கும் சேவைகளே ஓடிடி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகே திருமங்கலம் போன்ற சிறு நகரங்களில் இவற்றுக்கான சந்தை பிறந்தது. சன் நெக்ஸ்ட் (2017) தன் தொலைக்காட்சித் தொடர்களையும் படக் கையிருப்பையும் முதலாக்கியது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் கைப்பேசித் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ஆகக் குறைத்தது. ஆஹா தமிழ் 2022 ஏப்ரலில் வந்தது.

பெருந்தொற்றுக் காலமே திருப்பம். திரையரங்கு உரிமையாளர்களின் கடும் எதிர்ப்பை மீறி, 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. நவம்பரில் சோழவந்தான்காரரை நாயகனாகக் கொண்ட ‘சூரரைப் போற்று’ வந்தது. அதன்பின் ஓடிடி உரிமைத் தொகையை நம்பியே படங்களுக்குப் பட்ஜெட் போடப்பட்டது. இந்தச் சார்பு ஆபத்தானது: தளங்கள் கையைச் சுருக்கியதும் முதலில் அடிபட்டவை நட்சத்திரமில்லாத சிறு படங்கள். ஆனாலும், உசிலம்பட்டி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட ‘கடைசி விவசாயி’ போன்றவற்றுக்குத் திரையரங்கைத் தாண்டிய ஆயுளைத் தந்ததும் இதே தளங்கள்தாம்.

2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி+ ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டாராக இணைந்தன; ஜூனில் பிரைம் வீடியோ இந்தியச் சந்தாதாரர்களுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. கைப்பேசி ரீசார்ஜோடு சேர்ந்த சந்தாவும் விளம்பரமுமே இனி இத்தொழிலைத் தாங்கும்.