மணல் தட்டும் விலங்குப் பொம்மைகளும்

"ஹஜ்ரத், உருவங்கள் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்கிறார்களே, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும் இந்தச் சிறு விலங்குப் பொம்மைகளை வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேள்வி நியாயமானது. உருவங்களைப் பற்றி நம் மார்க்கத்தில் வந்துள்ள எச்சரிக்கை கடுமையானது. அதை இலேசாக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் விடையளித்துவிட்டால், அந்தப் பொம்மை எங்கிருந்து வந்தது, குழந்தை அதைக் கொண்டு என்ன செய்கிறது என்பவை அறியப்படாமலே போய்விடும்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வை நம்மில் பலர் கேட்டிருப்போம். நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பியிருந்த வேளை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு மாடத்தை மறைத்திருந்த திரையைக் காற்று விலக்கியது. உள்ளே பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித் துண்டுகளால் ஆன இரு சிறகுகளுடன் ஒரு குதிரை. இது என்ன, அதன் மேல் இருப்பது என்ன, குதிரைக்குச் சிறகுகளா என்று நபியவர்கள் வரிசையாக வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நபியவர்கள் சிரித்தார்கள். இந்த ஹதீஸைப் பொம்மைக்கான அனுமதி என்ற அளவிலேயே நாம் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். நபியவர்கள் பொம்மைக்கு உரியவரிடமே அதன் பொருளைக் கேட்டு, அவர் தந்த விளக்கத்தை முழுமையாகச் செவிமடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஷூரா நோன்பின்போது பசித்து அழும் சிறார்களுக்குக் கம்பளி நூலால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்ததாக ருபய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியும் ஸஹீஹ் நூல்களில் உண்டு.

இந்த ஆதாரம் கடைத்தெருவிலும் ஒரு தீர்ப்பாக நின்றது. அப்பாஸிய கலீஃபா முக்ததிர் (908–932) காலத்தில் பக்தாத் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாக இருந்தவர் அபூ ஸயீத் அல்இஸ்தக்ரீ (ரஹ்). நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர்களுள் ஒருவர். போதைப் பானத்துக்குப் பயன்பட்ட சரக்கு விற்ற சந்தையை அவர் மூடினார். பொம்மைச் சந்தையை மூடவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் முன்னிலையில் பொம்மைகளுடன் விளையாடியதையே அதற்குக் காரணமாகக் காட்டினார். இச்செய்தியை இமாம் மாவர்தீ (ரஹ்) தம் அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் பதிவு செய்துள்ளார். இந்த அனுமதி பின்னர் நீக்கப்பட்டது என்று கருதிய அறிஞர்களும் உளர். ஆயினும் பெரும்பான்மையோர் அனுமதித்தனர் என்று காழீ இயாழ் (ரஹ்) கூறியதை இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தெழுதுகிறார்.

கெய்ரோவின் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (இறப்பு 1442) இன்னொரு காட்சியைத் தருகிறார். ரஜப் மாதத்தில் இனிப்புக் கடைகளில் சர்க்கரையால் வார்த்த குதிரை, சிங்கம், பூனை உருவங்களை நூலில் கட்டித் தொங்கவிடுவார்களாம். கால் ராத்தல் முதல் பத்து ராத்தல் வரை எடை. ஏழை, செல்வந்தர் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்காக வாங்கிச் செல்வார்களாம். நம் பாட்டனார்கள் கடையில் சொன்ன ராத்தலுக்கும் வேர் இந்த அரபுச் சொல்லே.

ஐரோப்பாவில் மலிவான விலங்குப் பொம்மை பெருகியதற்கு வறுமையும் ஒரு காரணம். ஜெர்மனியின் சாக்சனி மலைப்பகுதியில், ஸைஃபன் என்ற ஊரைச் சுற்றி, வெள்ளீயச் சுரங்கங்கள் நலிந்தபோது தொழிலாளர்கள் மரக்கடைசலுக்கு மாறினர். அவர்கள் கண்ட உத்தி வியப்புக்குரியது. ஈரமரத்தைக் கடைந்து ஒரு வளையமாக்குவர். அந்த வளையத்தைக் கேக் வெட்டுவதுபோல் வெட்டினால், ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் பசுவாகவோ யானையாகவோ தோன்றும். பிறகு கத்தியால் சீவி வண்ணம் பூசுவர். இவ்வாறு நூஹ் (அலை) அவர்களின் கப்பலும் அதில் ஏறும் இணை இணையான விலங்குகளும் பெட்டிகளாகி உலகெங்கும் சென்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டைத் தடுத்த ஆங்கிலக் கிறிஸ்தவ வீடுகளில்கூட, வேதக் கதை என்பதால் இந்தக் கப்பலுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈயத்தில் படைவீரர் பொம்மைகளை வார்த்தது. 1911இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், தம் இரு மகன்களுடன் தரையில் தீவுகளும் நகரங்களும் அமைத்து விளையாடியதைச் சிறு நூலாக எழுதினார். கடைகளில் எங்கும் போர்வீரர்கள். சாதாரண மனிதர்களின் பொம்மை கிடைப்பதில்லை என்பது அதில் அவர் கூறிய குறை. முதல் உலகப் போரின் பேரழிவைக் கண்ட மக்கள் 1920களில் பொம்மை வீரர்களையும் வெறுக்கத் தொடங்க, அதே பிரிட்டன்ஸ் நிறுவனம் பண்ணை வீட்டையும் பசு, ஆடு, கோழிகளையும் வார்க்கலாயிற்று.

வெல்ஸின் அந்தச் சிறு நூல் மார்கரெட் லோவன்ஃபெல்ட் (1890–1973) என்ற குழந்தை மருத்துவரின் நினைவில் தங்கியிருந்தது. போருக்குப் பின் போலந்தில் மருத்துவப் பணியாற்றித் துன்பத்தை நேரில் கண்டவர் அவர். 1928இல் லண்டனில், மனக்கலக்கமும் நடத்தைச் சிக்கலும் உடைய குழந்தைகளுக்காக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். அச்சத்தையும் துக்கத்தையும் சொற்களில் வெளிப்படுத்தக் குழந்தையால் இயலாது. ஆனால் கையால் இயலும் என்பது அவர் கண்ட உண்மை. சிறு மனிதர், வீடு, மரம், வேலி, வண்டி, காட்டு விலங்கு, வீட்டு விலங்கு யாவும் அவருடைய பெட்டியில் இருந்தன. குழந்தைகள் அதை அதிசயப் பெட்டி என்றனர். மணல் நிரப்பிய துத்தநாகத் தட்டும் தண்ணீரும் அருகிலேயே இருந்தன. குழந்தைகள் தாமாகவே பெட்டியையும் மணலையும் இணைத்தனர். தாம் அமைத்ததற்கு 'உலகம்' என்று பெயரும் இட்டனர். இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் குழந்தைகளே என்று அவர் எப்போதும் கூறிவந்தார். தம் படிப்பைக் காட்டி விளக்கம் சொல்ல முந்தாமல், இது என்ன, இங்கே என்ன நடக்கிறது என்று குழந்தையிடமே கேட்டார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு மதீனாவின் அந்த மாடமும் துணிச்சிறகுக் குதிரையும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் 1956இல் லண்டன் சென்று அவரிடம் கற்று, தம் முறையை வகுத்தார். தட்டு 57க்கு 72 சென்டிமீட்டர், உயரம் 7. அடியிலும் பக்கங்களிலும் நீல வண்ணம். மணலை விலக்கினால் கடலோ ஆறோ தெரியும். ஜப்பானிய உளவியலறிஞர் ஹயாவோ கவாய் 1965இல் இதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பெட்டிக்குள் சிறு தோட்டம் அமைக்கும் பழைய ஜப்பானிய மரபின் பெயரையே அதற்கு இட்டதால் அது அங்கே விரைவில் வேரூன்றியது.

இங்கேதான் ஒரு குறை வெளிப்படுகிறது. பொம்மைகள் குழந்தையின் சொற்கள் என்றால், அலமாரியில் இல்லாத சொல்லைக் குழந்தை எவ்வாறு பேசும்? விற்பனைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஐரோப்பியப் பண்ணை விலங்குகளும் ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளுமே. கங்காருவும் வொம்பாட்டும் வாழும் மண்ணில் பிறந்த பிள்ளையும் ஆங்கிலப் பண்ணையின் பசுவைக் கொண்டே தன் உலகை அமைக்க வேண்டியிருந்தது. தன் வீட்டுக் கொல்லையில் கண்ட உயிருக்குத் தட்டில் இடமில்லை என்றால், அக்குழந்தையின் அச்சமும் அன்பும் அந்நிய உருவம் பூண்டே வெளிவர வேண்டும். இது சிறிய இழப்பென்று நான் கருதவில்லை.

இக்குறை 1990களில் ஓரளவு நீங்கியது. அதை நீக்கியவை மிட்டாய் நிறுவனங்கள்! 1995இல் ஆஸ்திரேலியாவில் கேட்பரி நிறுவனம் யோவி என்ற சாக்லேட்டை வெளியிட்டது. உள்ளே சிறு கூடு. அதற்குள் துண்டுகளாக, பொருத்திக்கொள்ளும் வகையில், அந்நாட்டுக்கே உரிய ஒரு விலங்கு. அதைப் பற்றிய குறிப்புத் தாள். 1999இல் ஜப்பானில் ஃபுருத்தா நிறுவனம் சாக்கோ எக் என்ற முட்டை வடிவச் சாக்லேட்டை விற்றது. 1964இல் ஒசாக்கா அருகே சின்னஞ்சிறு கடையாகத் தொடங்கிய கையோதோ நிறுவனம் அதற்கான உருவங்களைத் தந்தது. ஷினோபு மத்சுமுரா என்ற சிற்பி ஜப்பானிய விலங்குகளை உண்மைத் தோற்றம் மாறாமல் வடித்தார். விலங்கியல் நூலின் படத்துக்கு ஈடான நுணுக்கம் மிட்டாய்க்குள் கிடைத்தது. கதைகளில் மட்டுமே உலவும் சுச்சினோக்கோ என்ற பருத்த பாம்பும் அத்தொடரில் இரகசியமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம் அலைந்து திரட்டினர் எனலாம். கிடைக்காத உருவத்துக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கியோர் உண்டு. சாக்லேட் இரண்டாம் பட்சமாயிற்று.

பெற்றோரின் கேள்விக்கு இப்போது திரும்பலாம். ஃபிக்ஹு அறிஞர்கள் உருவங்களைப் பற்றிப் பேசும்போது, மதிப்புடன் உயர்த்தி வைக்கப்படுவதையும் கையாளப்பட்டு மிதிபடுவதையும் வேறுபடுத்துகின்றனர். மணல் தட்டில் பொம்மை புதைக்கப்படுகிறது, நனைக்கப்படுகிறது, கவிழ்க்கப்படுகிறது. குழந்தை சென்றபின் தட்டைக் கலைத்து மணலைச் சமப்படுத்திவிடுவதே சிகிச்சையாளர்களின் வழக்கம். பிள்ளையின் கைக்குரிய இத்தகைய பொம்மையைச் சலுகையின் வட்டத்துக்குள்ளேயே நான் காண்கிறேன். வாங்குவதானால் அப்பிள்ளை கண்ணால் கண்டறிந்த உயிர்களையும் சேர்த்து வாங்குங்கள் என்பேன். பெரியவர் ஒருவர் எண்ணிக்கை முழுமையாக வேண்டுமென்று திரட்டி, விளக்கு பொருத்திய கண்ணாடி அலமாரியில் அழகுக்காக நிறுத்தி வைப்பது வேறு. குழந்தைகளுக்கான சலுகையை அதற்கும் நீட்டுவதற்கு நான் துணியமாட்டேன். அவ்வாறு சேகரிப்போர் தம் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.