மூன்றாவது விளக்கும் ஒழுகும் கேபினும்

1925 ஏப்ரலில் ஃபோர்டு விற்க ஆரம்பித்த மாடல் டி பிக்கப்பின் விலை 281 டாலர். மேலே துணிக் கூரை, பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் டிரைவர் நனைவார், அவ்வளவுதான். ஒழுகல் என்று தனியாக ஒரு பிரச்சினையே இல்லை! மூடிய கேபின் வந்த பிறகுதான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கையான கட்டம் 1994 மாடல்களில் வருகிறது. அமெரிக்காவில் கார்களுக்கு 1986 மாடலில் இருந்தே கட்டாயமாக இருந்த மூன்றாவது பிரேக் விளக்கைப் பிக்கப்புகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். நல்ல விதிதான். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் அதனால் சுமார் 4 சதவீதம் குறைந்ததாக 1998-ல் அரசு ஆய்வு சொன்னது. ஆனால் பிக்கப்பில் அதை எங்கே வைப்பது? பெரும்பாலும் கேபினின் பின்பக்கம், கூரையை ஒட்டி. அதற்காகத் தகட்டில் ஓர் ஓட்டை, சுற்றிலும் ஃபோம் கேஸ்கட். பல வருட வெயிலில் அது நசுங்கி உதிர்ந்தால், தண்ணீர் உள்கூரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கி சீட்டுக்கு அடியில் தேங்கும். கார்பெட் நாறும், தளம் துருப்பிடிக்கும். பழியோ பின்கண்ணாடி மேல்!

கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உள்ளே டார்ச்சுடன், இன்னொருவர் வெளியே ஹோஸுடன். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து குழப்பிவிடும். விளக்குதான் காரணம் என்றால் அதைக் கழற்றி, பழைய ஃபோமைச் சுரண்டி, புது கேஸ்கட் போட்டால் போதும். கழற்றாமல் ஓரத்தில் சிலிக்கான் பூசுவது அரைகுறை வேலை. பல நேரம் அது பிரிந்து மறுபடி ஒழுகும்.