பி.காம் முதலாண்டு வணிக அடிப்படைப் பாடங்கள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலை வணிகவியல் சேரும் மாணவர் முதல் இரண்டு பருவங்களில் படிக்கும் நிதிநிலைக் கணக்கியல், மேலாண்மைக் கோட்பாடுகள், வணிகச் சட்டம் ஆகிய தாள்களின் தொகுதி. படிப்பு மூன்றாண்டு, ஆறு பருவம். பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் இருக்க, இத்தாள்கள் பகுதி மூன்றில் வரும். கம்பெனிக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, தணிக்கை என்று பின்னால் வருவன பலவும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. கடை வைக்கவும் தொழில் தொடங்கவும் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துச் சேருவோர் உண்டு. முதலாண்டில் கிடைப்பது வேறு: நடந்து முடிந்த கொடுக்கல் வாங்கலைப் பிழையில்லாமல் எழுதவும், பிறர் எழுதியதைப் படிக்கவும் வேண்டிய பயிற்சி.

வரலாறு

கல்லூரிக்கு முன்னரே வணிகக் கல்வி இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பிக்கும் பிள்ளை, முந்திரி, மாகாணி, கால், அரை என்று பின்னங்களை வாயாலேயே பெருக்கக் கற்றான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஊர்களில் நடத்திய வட்டிக்கடைகளில் பையன்கள் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகினார்கள். கடையைக் கூட்டுவது, தண்ணீர் எடுத்துவைப்பது, கடிதம் கொண்டுபோவது என்று தொடங்கி, கணக்கெழுதும் இடத்துக்கு மெல்ல நகர்ந்து, பிறகு அடுத்தாளாகி, கெட்டிக்காரனாக இருந்தால் கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர்வது அந்த ஏணி. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் மெடான் நகரத்து வட்டிக்கடை வாழ்க்கையைப் பார்க்கலாம்.

பள்ளிக்கூட முறையிலான வணிகக் கல்விக்கு, பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886இல் சென்னையில் தொடங்கிய வணிகப் பள்ளியையே இந்தியாவில் முதலாவதாகக் குறிப்பிடுவது வழக்கம். பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரி 1913இல் வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881லேயே தொடங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் பி.காம் இடத்துக்குப் போட்டி கடுமை. பொது, கணினிப் பயன்பாடு, நிறுமச் செயலறிவு, வங்கியியல், தொழில்முறைக் கணக்கியல் என்று கிளைகள் பெருகினாலும் முதலாண்டுக் கணக்கியல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது.

கணக்கியல் தாள்

மூன்றில் கனமானது இதுவே. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023இல் முன்வைத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் இத்தாளுக்குக் கணக்குகள் 80 விழுக்காடு, கருத்தியல் 20 விழுக்காடு என்ற பங்கீடு உண்டு. குறிப்பேடு, பேரேடு, துணை ஏடுகள், இருப்பாய்வு, பிழைத்திருத்தம், வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று தொடங்கி, இறுதிக் கணக்கு, தேய்மானம், மாற்றுச்சீட்டு, முழுமை பெறாப் பதிவேடுகள், உரிமத்தொகை, காப்பீட்டு இழப்பீடு என்று முதல் பருவம் போகும். தவணைக் கொள்முதல், கிளைக் கணக்கு, கூட்டாண்மை ஆகியவை இரண்டாம் பருவத்தில்.

அடித்தளம் இரட்டைப்பதிவு முறை. வெனிஸ் வணிகர் கைக்கொண்டிருந்த அம்முறையை லூக்கா பாசியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1494இல் அச்சான தன் கணித நூலின் ஒரு பகுதியில் விளக்கி எழுதினார். அவர் அதைக் கண்டுபிடித்தவர் என்று தேர்வுத்தாளில் எழுதுவோர் பலர். அவர் செய்தது தொகுத்து வெளியிட்டது.

முதல் மாதத்திலேயே மாணவர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் 1,00,000 ரூபாய் போட்டு மளிகைக் கடை வைக்கிறார். ரொக்கக் கணக்கில் பற்று, முதல் கணக்கில் வரவு. ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பில் அந்த முதல் பொறுப்புகள் பக்கம் போய் நிற்கிறது. தன் பணம் எப்படிக் கடனாகும் என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கடை வேறு, கடைக்காரர் வேறு. கடை தன் உரிமையாளருக்குத் திருப்பித்தர வேண்டிய தொகை அது. வணிகத் தனித்தன்மை என்று பாடநூல் சொல்லும் இந்த ஒரு கருத்து பிடிபட்டவருக்கு மீதிப் பாடத்தில் பாதி தானாக வரும். பிடிபடாதவர் மூன்று ஆண்டும் விதிகளை மனப்பாடம் செய்தே ஓட்டுவார்.

அதே கடைக்காரர் 600 ரூபாய் அடக்கமுள்ள நல்லெண்ணெயை வீட்டுக்கு எடுத்துப்போகிறார். தன் கடை, தன் எண்ணெய் என்று எழுதாமல் விட்டால் அந்த 600 ரூபாய் விற்ற சரக்கின் அடக்கத்தில் கலந்து, இலாபம் அதே அளவு குறைந்து காட்டும். எனவே எடுப்புக் கணக்கைப் பற்று செய்து கொள்முதல் கணக்கை வரவு செய்ய வேண்டும். விற்பனைக் கணக்கை வரவு வைப்பவருக்கு மதிப்பெண் போகும், ஏனெனில் இங்கே விற்பனை நடக்கவில்லை. தெருமுனைக் கடைகளில் கல்லாவிலிருந்தே பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் வீட்டுக்குக் காய்கறியும் போவதையும், மாதக் கடைசியில் வியாபாரம் ஓடியும் கையில் காசில்லையே என்று முதலாளி தலையில் கைவைப்பதையும் கண்டவர்களுக்கு இந்தச் சின்னப் பதிவின் அருமை தெரியும்.

ஆள்சார், சொத்து, பெயரளவு என்று கணக்குகளை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பற்று விதி, ஒரு வரவு விதி சொல்வது இந்திய வகுப்பறை வழக்கம். பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய் என்று இவை பள்ளியிலேயே வாய்ப்பாடாகிவிடுகின்றன. வங்கியின் பாஸ்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பலரும் குழம்புவார்கள். நாம் ரொக்க ஏட்டில் பற்று வைத்த வைப்புத்தொகை அங்கே வரவாக இருக்கும். வங்கி தன் ஏட்டில் தன் பக்கத்திலிருந்து எழுதுகிறது; அதற்கு நாம் கடனீந்தோர். வங்கிச் சரிகட்டும் பட்டியல் முழுவதும் இந்த இரு பார்வைகளுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தை. கொடுத்த காசோலையை எதிராளி இன்னும் வங்கியில் போடவில்லை, நாம் போட்ட காசோலை இன்னும் வசூலாகவில்லை, வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறவில்லை என்பன போன்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

தேர்வறை வாசலில் கணக்கியல் மாணவர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி: “டேலி ஆச்சா?” இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாவதே வெற்றி என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. ஆகாவிட்டால் தேடுவதற்குப் பழைய கணக்குப்பிள்ளைகளின் உத்திகள் உண்டு. வேறுபாடு 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,400ஐ 4,500 என்று எழுதினால் வேறுபாடு 900. வேறுபாட்டில் பாதித் தொகை ஏட்டில் எங்காவது தென்பட்டால் அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம்: 350 ரூபாய் வரவுக்குப் பதில் பற்றில் விழுந்தால் 700 உதைக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் அனாமத்துக் கணக்கில் தற்காலிகமாக நிறுத்துவார்கள்.

ஆனால் சமமாவது மட்டும் சரி என்பதற்குச் சான்றாகாது. கடைக்கு வாங்கிய 8,000 ரூபாய்த் தராசைச் சொத்தாகக் காட்டாமல் கொள்முதலில் சேர்த்தாலும் இருப்பாய்வு அழகாகச் சமமாகும். இலாபம் மட்டும் தவறாகும். ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டாலும் அப்படியே. விடைத்தாள் திருத்துவோர் படிநிலைகளுக்கு மதிப்பெண் தருவதால், சமமாகாத விடைக்கும் பெரும்பங்கு கிடைத்துவிடும். அது தெரியாமல் கடைசி அரைமணியை அடித்துத் திருத்துவதில் தொலைத்து, அடுத்த கணக்கைத் தொடாமலே தாளைக் கொடுப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

தேய்மானத்தில் இரண்டு முறைகள் முக்கியம். 1,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு 10 விழுக்காடு என்றால், நேர்க்கோட்டு முறையில் ஆண்டுதோறும் 10,000 கழிந்து மூன்றாண்டு முடிவில் 70,000 நிற்கும். குறைந்து செல் மதிப்பு முறையில் 10,000, 9,000, 8,100 என்று கழிந்து 72,900 நிற்கும். வருமான வரிக்குப் பெரும்பாலும் இரண்டாவது முறைதான் பயன்படுகிறது.

ஊர்க் கடைகளுக்கு மிக நெருக்கமான பாடம் முழுமை பெறாப் பதிவேடுகள். முறையான ஏடு கிடையாது; யார் எவ்வளவு பற்று வைத்தார்கள் என்ற நோட்டும் கல்லாவும்தான் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் நிலை அறிக்கை தயாரித்து முதலைக் கண்டுபிடிப்பார்கள். தொடக்க முதல் 80,000, இறுதி முதல் 1,10,000, இடையில் வீட்டுக்கு எடுத்தது 36,000, புதிதாகப் போட்டது 10,000 என்றால், இறுதி முதலோடு எடுப்பைக் கூட்டி, மற்ற இரண்டையும் கழிக்க, இலாபம் 56,000. இவ்வளவு பயனுள்ள பாடத்துக்குப் பக்கத்திலேயே, நிலக்கரிச் சுரங்கக் குத்தகையை வைத்துக் கற்பிக்கும் உரிமத்தொகைக் கணக்கும் சம கனத்தோடு உட்கார்ந்திருப்பது பாடத்திட்டம் வகுப்போர் பழைய அலமாரியை முழுதாகக் காலி செய்யத் தயங்குவதன் அடையாளம்.

வணிகச் சட்டம்

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே இத்தாளின் முதுகெலும்பு. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் அதனோடு சேரும். முனைவு, ஏற்பு, மறுபயன், தகுதி என்று பிரிவு பிரிவாகப் போகும் பாடம் வழக்குகளால்தான் நினைவில் நிற்கிறது.

கார்லில் என்ற பெண்மணியின் வழக்கு, முனைவு பற்றிய பாடத்தில் தவறாமல் வரும். தங்கள் புகை உருண்டையை இரண்டு வாரம், நாளுக்கு மூன்று முறை பயன்படுத்தியும் இன்புளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக லண்டன் நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்து, நம்பிக்கைக்கு 1,000 பவுண்டை வங்கியில் போட்டும் வைத்தது. கார்லில் பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. விளம்பரம் வெறும் வாய்ப்பேச்சு என்ற நிறுவனத்தின் வாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. இலங்கையில் நீர்ப்பாசன இயக்குநராக இருந்த பால்ஃபர், உடல்நலம் கருதி இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்ன வாக்கு, 1919இல் ஒப்பந்தமாக ஏற்கப்படவில்லை. குடும்பத்துக்குள் சொன்ன சொல்லுக்குச் சட்டப் பிணைப்பு நோக்கம் இல்லை என்றார்கள். 1903இல் பிரிவி கவுன்சில் தீர்த்த மொகரி பீபி வழக்கில், கல்கத்தாவில் வயது நிரம்பாத தர்மதாஸ் கோஷ் எழுதிக்கொடுத்த அடமானம் அடியோடு செல்லாது என்று முடிவானது. பதினெட்டு வயதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வகுப்பில் இந்த மூன்றாவது வழக்குக்குத்தான் அதிக ஆர்வம் இருக்கும்.

1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் கணக்கியல் தாளிலும் நுழைகிறது. உடன்படிக்கையில் ஒன்றும் சொல்லாவிட்டால் இலாபம் சரிசமம். கூட்டாளி முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த தொகைக்கு 6 விழுக்காடு வட்டி. முதல் போட்டவருக்கு அதிகப் பங்கு என்று நினைத்துக் கணக்குப் போடுவது வழக்கமான தவறு. கூட்டாளி ஒருவர் நொடித்துப்போனால் அவர் பற்றாக்குறையை மற்றவர்கள் தம் முதல் விகிதத்தில் ஏற்க வேண்டும் என்ற கார்னர் எதிர் மர்ரே விதி 1904ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்பிலிருந்து வந்தது.

மேலாண்மைத் தாள்

டெய்லரின் அறிவியல் மேலாண்மை (1911), ஃபயோலின் 14 கோட்பாடுகள் (1916), டிரக்கர் 1954இல் முன்வைத்த குறிக்கோள்வழி மேலாண்மை என்று பெயர்களும் பட்டியல்களும் நிறைந்தது. எழுதித் தள்ளிவிடலாம் என்று மாணவர் நம்பும் தாள்; பெரும்பாலும் தள்ளியும் விடுகிறார்கள்.

வகுப்பறை

மேல்நிலையில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முதல் பருவம் பாதி மறுபார்வை. அறிவியல் பிரிவிலிருந்து வருவோரைச் சேர்க்கும் கல்லூரிகளில் அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் திணறல்தான். தமிழ்வழியில் வந்தவருக்குச் சிக்கல் வேறு வகை: கணக்கு கையில் இருக்கும், கேள்வியின் ஆங்கிலம் மிரட்டும். டி.எஸ். ரெட்டி, ஏ. மூர்த்தி எழுதி மார்கம் பதிப்பகம் வெளியிடும் கணக்கியல் நூலை ‘ரெட்டி அண்ட் மூர்த்தி’ என்றே கேட்டு வாங்குவார்கள். சட்டத்துக்கு என்.டி. கபூர் நூல் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. கல்லூரி முடிந்து மாலையில் தட்டச்சு லோயர், ஹையர் எழுதப் போவது பழைய வழக்கம். அந்த இடத்தை இப்போது பெரும்பாலும் டேலி மென்பொருள் வகுப்பு பிடித்துள்ளது. பதிவைத் தட்டினால் பேரேடும் இருப்பாய்வும் மென்பொருளே போட்டுவிடும். எந்தக் கணக்கைப் பற்று வைப்பது என்பதை மட்டும் தட்டுபவர்தான் சொல்ல வேண்டும்.

தொடர்ச்சி

1949இல் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் அடிப்படைநிலைத் தேர்வில் கணக்கியலும் வணிகச் சட்டமும் தனித்தனித் தாள்கள் என்பதால், பி.காம் முதலாண்டோடு சேர்த்தே அதற்குப் படிப்பவர்கள் உண்டு. அத்தேர்வை எழுதாதவர், வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றால் நேரே இடைநிலைக்குப் பதிவு செய்யலாம்.